புராஜெக்ட் நேரத்தில் கம்ப்யூட்டர் கோளாறு: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

தர்மபுரியில் பிரின்ட், பைண்டிங், கணினி பழுதுபார்ப்பு மூன்றையும் ஒரே கடையில் செய்து வருகிறேன். புராஜெக்ட் பருவம் தொடங்கினால் கடைக்கு வரும் தலைப்புகள் எனக்கு மனப்பாடம்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, கிருஷ்ணகிரி மாம்பழம், அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும். கூடவே வரும் கோளாறுகளும் ஆண்டுதோறும் அதே ஏழெட்டுதான். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். சிலவற்றை வீட்டில் தொடவே கூடாது.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: புராஜெக்ட் கோப்பின் இன்னொரு பிரதி எங்காவது இருக்கிறதா? மின்னஞ்சலில், நண்பனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில், பென் டிரைவில் இருந்தால் பழுதான கணினியை மூடி வைத்துவிட்டு வேறு கணினியில் வேலையை முடியுங்கள். பழுது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பிரதி இல்லையென்றால் முதல் வேலை கோப்பை வெளியே எடுப்பது, கணினியை ஓட வைப்பது அதன் பிறகு. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையில்தான் போகிறது.

அறிகுறி: பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

விளக்கு எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள்.

அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஏறவில்லையென்றால் கோளாறு சுவரிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ இருக்கிறது. ஏறுகிறது என்றால் சி.பி.யூ. பெட்டியின் பின்பக்கம், மின்கம்பி செருகும் இடத்துக்கு அருகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் கோடு. கோடு உள்ள பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு அணைந்துபோன சுவிட்சைப் பழுது என்று சொல்லிப் பெட்டியை டி.வி.எஸ். வண்டியில் வைத்துத் தூக்கி வருபவர்கள் நிறைய.

யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்து, கணினியை நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பெரும்பாலும் யு.பி.எஸ். பேட்டரி போயிருக்கும். சிறிய யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள்தான் அதற்கு ஆயுள். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், புது யு.பி.எஸ். தேவையில்லை.

மடிக்கணினியா? சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். இதில் உயிர் வந்துவிடும் மடிக்கணினிகள் ஏராளம். வரவில்லையென்றால், வேறு வீட்டில் அதே வகைச் சார்ஜர் கிடைத்தால் வாங்கிச் சோதியுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு சார்ஜரைச் செருகாதீர்கள். அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் ஒத்துப்போக வேண்டும்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால், மேசைக் கணினியில் எஸ்.எம்.பி.எஸ். (பெட்டிக்குள் இருந்து மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) போயிருக்கலாம். அதை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். கடைக்குக் கொண்டுபோங்கள். போனதும் சொல்ல வேண்டிய முதல் சொல், "ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்பது. எஸ்.எம்.பி.எஸ். போனால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோப்பு கைக்கு வந்துவிட்டால் மீதிப் பழுது எத்தனை நாள் ஆனால் என்ன?

அறிகுறி: வேலை செய்துகொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து எரிகிறது

கரண்ட் போகாமலே கணினி மட்டும் அணைகிறதா என்று கவனியுங்கள். அணையும் நேரத்தில் குழல் விளக்கு மங்குகிறதா, மின்விசிறி தளர்கிறதா? அப்படியானால் அது வோல்டேஜ். பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் அதிகம் சொல்லும் கோளாறு இதுதான். கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும் வேளையில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மளமளவென்று இறங்கிவிடும். பழைய எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காது. செலவில்லாத வழி, மோட்டார் ஓடாத நேரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்வது. செலவுள்ள வழி, ஒரு நல்ல யு.பி.எஸ். அதில் லேசர் பிரின்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், அது இழுக்கும் மின்சாரத்துக்கு யு.பி.எஸ். தாங்காது.

விளக்கு மங்கவில்லை, கணினி மட்டும் அணைகிறது என்றால் பெரும்பாலும் சூடு. பின்பக்கக் காற்றுத் துளையில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே தூசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கழற்றி, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்கலாம். விசிறி சுற்றாமல் இருக்கும்படி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடாது.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். சார்ஜர் செருகியபடியேதான் ஓடும். அப்படிப்பட்டதில் கரண்ட் போன நொடியே வேலையும் போகும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்துவிடும், உங்கள் துணைமின்நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

மானிட்டருக்குத் தனி மின்கம்பி உண்டு. அது செருகியிருக்கிறதா? மானிட்டர் விளக்கு எரிகிறதா? மானிட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கேபிளை இரு முனையிலும் கழற்றித் திரும்பச் செருகுங்கள். பிறகு மீண்டும் போட்டுப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து 'பீப்' என்று நீளமாகவோ விட்டுவிட்டோ சத்தம் வருகிறதா? வந்தால் பெரும்பாலும் ராம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை). மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். விரல் நீளத்துக்கும் அதிகமான பச்சைப் பலகை ஒன்று செங்குத்தாக நிற்கும். இரண்டு முனையிலும் உள்ள வெள்ளைக் கொக்கிகளை விலக்கினால் அது மேலே எழும்பும். அதன் அடியில் வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் தெரியும். பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேயுங்கள், கறுத்த பட்டை பளிச்சென்று ஆகும்வரை. ரப்பர் துகளை ஊதிவிட்டு, வெட்டு பொருந்தும் பக்கமாக வைத்து அழுத்துங்கள். இரண்டு கொக்கியும் 'டிக்' என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் உட்காரவில்லை என்று பொருள்.

ராம் துடைத்தும் படம் வராவிட்டால் போர்டோ (எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டு) மானிட்டரோ என்பதை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். கடைக்கு வாருங்கள். மடிக்கணினியாக இருந்தால் அதை டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்துப் பாருங்கள். டி.வி.யில் படம் வந்தால் திரைதான் போயிருக்கிறது. கோப்பை அப்படியே டி.வி.யைப் பார்த்து எடுத்துவிடலாம்.

அறிகுறி: உறைந்துபோகிறது, அல்லது ஆமை வேகம்

முதலில் காதைக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலிருந்து 'டக், டக்' என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவது, சரிசெய்யும் மென்பொருளை ஓட்டுவது எதுவும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டு கீறப்படலாம். இது நேராகக் கடைக்குப் போக வேண்டிய கோளாறு. கோப்பு மீட்புக்கு ஆகும் செலவு சில நேரம் கணினி விலையைத் தொடும், அதனால் முதலிலேயே விலை கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பக்கப் புராஜெக்ட் என்றால் திரும்ப அடிப்பதுதான் லாபம்.

சத்தம் இல்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். 'டிஸ்க்' என்ற நெடுவரிசை 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் சோதனையோ பின்னால் ஓடுகிறது. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், பலமுறை அதுவே அடங்கிவிடும். 'மெமரி' நிரம்பியிருந்தால் பிரௌசரில் திறந்துவைத்த பக்கங்களை மூடுங்கள். சி டிரைவ் சிவப்பாகத் தெரிந்தால் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் கிடக்கும் படங்களையும் பாடல்களையும் அப்புறப்படுத்துங்கள்.

வேர்டு கோப்பு மட்டும் கனக்கிறது என்றால் காரணம் படங்கள். செல்போனில் எடுத்த ஒகேனக்கல் அருவிப் படங்களை அப்படியே இருபது முப்பது ஒட்டினால் எந்தக் கணினியும் திணறும். ஒரு படத்தைச் சொடுக்கி, 'பிக்சர் ஃபார்மட்' தாவலில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' கொடுத்து, 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். கோப்பு பாதிக்கும் கீழே இறங்கும்.

இதெல்லாம் செய்தும் தினமும் மெதுவாகவே ஓடினால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுவதுதான் வழி. புராஜெக்ட் முடிந்த பிறகு செய்யுங்கள், முந்தைய நாள் வேண்டாம்.

வேலை நின்று, பிழைச் செய்தியோடு திரை முழுதும் நீலமானால் அதில் இருக்கும் எழுத்துகளைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடைசியாகப் புதிதாகச் செருகியது எதுவோ அதைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். திரும்ப வந்தால் அந்தப் படத்தோடு கடைக்கு.

அறிகுறி: பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

கோப்புறைகளின் மூலையில் சின்ன அம்புக்குறி, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி அளவு. பள்ளிக் கணினி, நண்பன் வீடு, பிரௌசிங் சென்டர் என்று பென் டிரைவ் சுற்றியதன் பரிசு இது. அழுகையோடு வரும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கோப்பு அழியவில்லை, ஒளிந்திருக்கிறது.

அந்த அம்புக்குறிகளை இரட்டைச் சொடுக்கு செய்யாதீர்கள். செய்தால் உங்கள் கணினிக்கும் வைரஸ் ஏறும். எக்ஸ்புளோரரில் 'வியூ' சென்று 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'வியூ' தாவலில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். இப்போது மங்கலாக ஒரு கோப்புறை தெரியும். சில நேரம் அதற்குப் பெயரே இருக்காது. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். வேர்டு, படம், பவர்பாயின்ட் கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். பெயர் புரியாத வேறெதையும் எடுக்காதீர்கள். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் கணினியைச் சோதித்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

வீட்டில் லினக்ஸ் உள்ள மடிக்கணினி இருந்தால் இன்னும் எளிது. விண்டோஸ் மறைத்த கோப்புகள் அதில் மறையாமல் தெரியும், அந்த வைரஸும் அங்கே ஓடாது.

*பென் டிரைவைச் செருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது:* 'கேன்சல்' அழுத்துங்கள். வேறு துளையில், பிறகு வேறு கணினியில் செருகுங்கள். எங்கும் அதே கேள்வி என்றால் 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மீட்பு மென்பொருள் உதவும். மீட்டதை அதே பென் டிரைவில் சேமிக்கக் கூடாது.

*கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை:* நம்ப முடியாத விலைக்கு 'ஒரு டெராபைட்' என்று வாங்கிய பென் டிரைவா? பொய் அளவு காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பெயரளவுக்கு நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதை யாராலும் மீட்க முடியாது.

அறிகுறி: அடித்த கோப்பைக் காணவில்லை

பெரும்பாலும் வேறு இடத்தில் சேமித்திருப்பார்கள். வேர்டைத் திறந்து 'ஃபைல்', 'ஓப்பன்', 'ரீசென்ட்' பாருங்கள். இல்லையென்றால் 'ரீசைக்கிள் பின்'. அங்கேயும் இல்லை, சேமிக்காமலே மூடிவிட்டேன் என்றால் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' என்று போங்கள். வேர்டு தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வைக்கும். கடைசிப் பத்தி குறைந்திருக்கலாம், புராஜெக்ட் இருக்கும்.

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டீர்களா? அப்படியானால் அந்தக் கணினியில் வேறு எதையும் பதிவிறக்காமல், அடிக்காமல், அணைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள். அழிந்த கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டால் பிறகு கிடைக்காது. எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் இதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு.

அறிகுறி: தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

"அண்ணா, வீட்டில் நன்றாகத்தான் தெரிந்தது" என்ற வாக்கியத்தோடு தொடங்கும் கோளாறு. திரும்ப அடிக்கத் தேவையில்லை. எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது:* பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எழுத்தின் மேல் சொடுக்கி, மேலே உள்ள பெட்டியில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். அதே எழுத்துருவை இந்தக் கணினியில் நிறுவினால் போதும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றுங்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். இன்னும் பாமினியில் புராஜெக்ட் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்!

*கட்டம் கட்டமாகத் தெரிகிறது:* யூனிகோடுதான், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து நிர்மலா யு.ஐ. அல்லது லதா கொடுங்கள்.

*கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தெரிகிறது:* பழைய வடிவமைப்பு மென்பொருள். சுவரொட்டிக்கான வரிகளை வேர்டில் அடித்து, பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக ஒட்டுங்கள். அவசரத்துக்கு இதுவே போதும்.

*ஒரு பத்தி சரி, ஒரு பத்தி தவறு:* இதுதான் தொல்லை பிடித்தது. தலைப்பு பாமினியில், நடுவில் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்டிய யூனிகோடு, முடிவுரை செல்போனில் அடித்தது. இதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பாமினி கொடுத்தால் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினிப் பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து யூனிகோடாக்கி ஒட்டுங்கள். பொறுமை இல்லையென்றால் கடையில் கொடுங்கள், பக்கக் கணக்கில் வாங்குவார்கள்.

அறிகுறி: பிரின்ட் சரியாக வரவில்லை

வீட்டில் இருபது பக்கம், கடையில் இருபத்து மூன்று பக்கம். படம் ஒரு பக்கம், அதன் விளக்கம் அடுத்த பக்கம். காரணம் இரண்டு. ஒன்று எழுத்துரு, மேலே சொன்னேன். மற்றது தாள் அளவு. வேர்டில் சில நேரம் 'லெட்டர்' என்று இருக்கும். அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210-க்கு 297. 'லேஅவுட்', 'சைஸ்' சென்று ஏ4 ஆக்குங்கள். ஸ்பைரல் போடுவதாக இருந்தால் இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடுங்கள், இல்லையென்றால் ஓட்டை எழுத்தின் மேல் விழும்.

பிறகு 'சேவ் ஆஸ்' சென்று பி.டி.எஃப். ஆக மாற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் திறந்து பார்த்துவிட்டு அதையே கடைக்கு அனுப்புங்கள். பி.டி.எஃப்.பில் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் சுருங்கி, தாளில் மங்கலாக விழும்.

வீட்டு பிரின்டர் அசையவில்லையா? கேபிள், தாள், மை இந்த மூன்றையும் பாருங்கள். வரிசையில் பழைய பிரின்ட் சிக்கியிருந்தால் அனைத்தையும் ரத்து செய்து, பிரின்டரையும் கணினியையும் அணைத்துப் போடுங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் 'ஹெட் கிளீனிங்' இரண்டு முறை கொடுங்கள். மூன்றாவது முறைக்கு மை வீண்.

அறிகுறி: எந்த இணையதளமும் "பாதுகாப்பற்றது" என்கிறது

கணினியின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் நிற்கும். தேதியைத் திருத்தினால் இணையம் வரும். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பின்னுக்குப் போனால் போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற நாணய வடிவப் பேட்டரியை மாற்றுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும், மிகவும் மலிவு.

கடைக்கு வரும்போது

மடிக்கணினியோடு சார்ஜரையும் எடுத்து வாருங்கள். மேசைக் கணினி என்றால் பெட்டி மட்டும் போதும், மானிட்டர், கீபோர்டு எல்லாம் கடையில் இருக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவர் கூட வர வேண்டும், போனில் அப்பாவை எழுப்பிக் கேட்பது தாமதம். கோப்பின் பெயர், கடைசியாக எங்கே சேமித்தீர்கள், சமர்ப்பிக்கும் நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேநீரோ தண்ணீரோ சிந்தியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். உலர வைத்துவிட்டேன் என்று சொல்லிப் போட்டுக் காட்டச் சொன்னால், பிழைக்க வேண்டிய போர்டும் போய்விடும்.